மணி உலோகத்தைப் பிடிக்கவில்லையா? கைட்டோசான், ஆல்ஜினேட், நார்க்கழிவு: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கம்

கோவைப் பக்கம் பம்பு, மோட்டார் உதிரிகளுக்கு முலாம் போடும் சிறு பட்டறைகள் நிறைய. அவற்றின் கழுவுநீரில் இருந்து தாமிரம், நிக்கல், குரோமியம் எடுக்க இயற்கைப் பாலிமர்களை வைத்து வேலை செய்கிறேன். இறால் ஓட்டில் இருந்து வரும் கைட்டோசான்தான் என் கையில் அதிகம் புழங்கும் பொருள். அதோடு கடற்பாசி ஆல்ஜினேட்டும், சிட்ரிக் அமிலம் ஏற்றிய தென்னை நார்க்கழிவும் உண்டு. கைட்டோசானையும் ஆல்ஜினேட்டையும் சிறு உருண்டைகளாகச் செய்து தண்ணீரில் போடுகிறேன். அந்த உருண்டைகளைத்தான் மணி என்கிறேன்.

ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு) பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், பாலிமரை இன்னும் எப்படி மாற்றியமைத்தால் நன்றாகப் பிடிக்கும்?" பாலிமரில் உடனே கை வைக்காதீர்கள் என்பேன். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் இருந்தன. உலோகம் அந்தத் தண்ணீருக்குள் எந்த உருவத்தில் நிற்கிறது என்று தெரியாமல் பாலிமரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

தொடங்குமுன் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கட்டும். முதலாவது, அன்று காலை சரிபார்த்த பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) மீட்டர். பிஎச் தாள் போதாது. இரண்டாவது, பாலிமர் போடாத வெற்றுக் குடுவை. அதே தண்ணீர், அதே பிஎச், அதே நேரம் குலுக்கல், பாலிமர் மட்டும் கிடையாது. மூன்றாவது, போன உலோகம் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற மில்லிகிராம் கணக்கு.

எட்ட வேண்டிய அளவையும் சுவரில் ஒட்டிவையுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்புப்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் தண்ணீரில் லிட்டருக்குத் தாமிரம் 3 மி.கி., நிக்கல் 3 மி.கி., ஈயம் 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி., அதில் குரோமியம்-6 (நச்சு மிகுந்த வடிவம்) மட்டும் 0.1 மி.கி. வரை இருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி ஆணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அந்த எண்தான் கணக்கு.

அறிகுறி: "கட்டுரையில் கிராமுக்கு 150 மி.கி., எனக்கு 5 மி.கி."

ஒரு கிராம் பாலிமர் எத்தனை மி.கி. உலோகத்தைப் பிடிக்கிறது என்ற ஒப்பீடு இது. இதில் பாதி கணக்குப் பிழை. லிட்டருக்கு 100 மி.கி. தாமிரம் உள்ள தண்ணீர் 50 மில்லி எடுத்தால் அதற்குள் மொத்தம் இருப்பதே 5 மி.கி. அதில் 1 கிராம் பாலிமர் போட்டால், துளி விடாமல் பிடித்தாலும் கிராமுக்கு 5 மி.கி.தான் வரும். பாலிமரைக் குறை சொல்லி என்ன பயன்? கட்டுரைகளில் வரும் பெரிய எண்கள், உலோகச் செறிவைப் படிப்படியாக ஏற்றி, பாலிமர் இனி பிடிக்க முடியாது என்கிற இடம் வரை கொண்டுபோய் எடுத்தவை. நீங்களும் பாலிமரின் அளவைக் குறைத்து, செறிவை ஏற்றி ஏழெட்டுப் புள்ளிகள் எடுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று ஈர எடை. புதிதாகச் செய்த கைட்டோசான் மணியில் 90 முதல் 95 சதவீதம் வரை தண்ணீர்தான். ஒரு கிராம் ஈரமணி என்று நீங்கள் போட்டதில் பாலிமர் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பத்து மணிகளை அடுப்பில் உலர்த்தி எடை பார்த்து, அந்த விகிதத்தால் திருத்துங்கள். இந்த ஒரு திருத்தத்தில் கோளாறே காணாமல் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எதுவுமே பிடிக்கவில்லை

பிஎச்-தான். அனேகமாக வேறெதுவும் இல்லை.

கைட்டோசானின் வேலை முழுவதும் அதன் அமினோ தொகுதியை நம்பித்தான் நடக்கிறது. நைட்ரஜனில் இருக்கும் தனி இணை எலக்ட்ரான்தான் தாமிரத்தையும் நிக்கலையும் பிடிக்கும் கை. தண்ணீர் அமிலமாக இருந்தால் அந்தக் கையை ஹைட்ரஜன் அயனி முதலில் வந்து பிடித்துக்கொள்ளும். கைட்டோசானுக்கு இந்த மாற்றம் நடக்கும் நடுப்புள்ளி பிஎச் 6.3-6.5 அளவில் இருக்கிறது. பிஎச் 3-இல் அமினோ தொகுதி எல்லாம் நேர்மின்னூட்டம் ஏறி நிற்கும். தாமிரமும் நேர்மின்னூட்டம் உள்ளது. இரண்டும் விலகித்தான் நிற்கும். ஆகவே தாமிரம், நிக்கல், ஈயம், காட்மியம் போன்ற நேரயனிகளுக்குப் பிஎச் 5-ஐ ஒட்டிய இடம் வேண்டும்.

குரோமியம்-6 இதற்கு நேர் எதிர். அது தண்ணீரில் தனி உலோக அயனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின்னூட்டம் கொண்ட குரோமேட்டாக இருக்கிறது. அதற்கு வேண்டியதே மின்னூட்டம் ஏறிய அமினோ தொகுதிதான். பிஎச் 3 முதல் 4 வரை நன்றாகப் பிடிக்கும். 7-ஐத் தாண்டினால் கைவிட்டுவிடும். தாமிரமும் குரோமியம்-6-உம் ஒரே தொட்டியில் கலந்திருந்தால் ஒரே பிஎச்-இல் இரண்டையும் நன்றாக எடுக்க முடியாது. இரண்டு கட்டமாகத்தான் போக வேண்டும்.

ஆல்ஜினேட்டுக்கும் சிட்ரிக் அமிலம் ஏற்றிய நார்க்கழிவுக்கும் கை என்பது கார்பாக்சில் தொகுதி. அது பிஎச் 3.5 அளவிலேயே திறக்கத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் அமிலமான தண்ணீரிலும் ஈயத்தைப் பிடிக்கும். ஆனால் எதிர்மின்னூட்டம் உள்ள குரோமேட்டுக்கு இவற்றைப் போடுவதில் அர்த்தம் இல்லை. தவறான பாலிமரைத் தவறான உலோகத்துக்குப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் போராடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு முறை உலோகத்தின் மின்னூட்டத்தை எழுதிப் பார்த்திருந்தால் போதும்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: தொடக்கப் பிஎச்-ஐ மட்டும் எழுதிவைக்காதீர்கள், முடிவுப் பிஎச்-உம் வேண்டும். கைட்டோசான் தானே ஒரு காரம். பிஎச் 4 என்று சரிசெய்து போட்ட தண்ணீர் ஒரு மணி நேரத்தில் தானாகவே ஏறி நிற்கும். சிட்ரிக் அமிலம் ஏற்றிய நார்க்கழிவில் இதற்கு மாறாக நடக்கும். அமில வடிவத்திலேயே விட்டிருந்தால், உலோகத்தைப் பிடிக்கும்போது ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, தண்ணீரை அமிலமாக்கித் தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும். பயன்படுத்துமுன் நீர்த்த சோடியம் பைகார்பனேட்டில் ஊறவைத்துக் கழுவுங்கள். சோடிய வடிவத்துக்கு மாறிவிடும்.

அறிகுறி: ஆய்வகத்தில் பிடித்தது, பட்டறைத் தண்ணீரில் பிடிக்கவில்லை

காப்பர் சல்பேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்த சோதனையும் பட்டறைத் தொட்டியும் வேறு வேறு உலகம்.

ஒரு பட்டறையில் நிக்கல் கழுவுநீருக்குக் குழாய்ப்படுகை (மணி நிரப்பிய குழாய்) போட்டிருந்தோம். முதல் இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் நிக்கல் அப்படியே வெளியே வந்தது. மணியை மாற்றினோம், பிஎச் பார்த்தோம், வேகத்தைக் குறைத்தோம், எதுவும் உதவவில்லை. ஒரு நாள் காலை அங்கேயே உட்கார்ந்து, எந்தக் கூடை எந்த டிரம்மில் முங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தில் போடும் நிக்கல் வரிசைக்குப் பக்கத்தில், மின்சாரம் இல்லாமல் வேதிமுறையில் நிக்கல் போடும் சிறிய தொட்டி ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் கழுவ ஒரே டிரம். சாதாரண நிக்கல் குளியலில் (முலாம் போடும் கரைசலில்) நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம்தான். வேதிமுறைக் குளியலில் நிக்கல் தானாகப் படிந்து கெட்டுப்போகாமல் இருக்கச் சிட்ரேட், லாக்டேட் மாதிரியான பொருள்கள் சேர்க்கிறார்கள். அவை நிக்கலை நாலாபக்கமும் சூழ்ந்து அணைவுச் சேர்மமாக்கிவிடும். அப்படி மூடிக்கிடக்கும் நிக்கலுக்கு என் மணியில் இருக்கும் நைட்ரஜனால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் தண்ணீரும் இப்படியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஒரு குடுவையில் 100 மில்லி எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஎச் 10-க்குக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் விட்டு வடிகட்டி, தெளிந்த நீரில் நிக்கலை அளந்துபாருங்கள். தனி அயனியாக இருந்தால் பச்சை வீழ்படிவாக இறங்கி, மேலே மிகக் கொஞ்சமே மிஞ்சும். வீழ்படிவு வராமல் தண்ணீர் பச்சையாகவே நின்றால், அல்லது வடிகட்டிய பிறகும் எண் பெரிதாக இருந்தால், ஏதோ ஒன்று அதைக் கட்டிவைத்திருக்கிறது. தாமிரத்தில் அம்மோனியா இருந்தால் கண்ணிலேயே தெரியும். வெளிர்நீலம் போய் அடர்நீலம் வரும். உலோகத்தை இறுகக் கட்டிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

மருந்து? டிரம்களைப் பிரிப்பதுதான் நல்ல மருந்து. செலவும் அதில்தான் குறைவு. நாங்களும் அதைத்தான் செய்தோம், இரண்டாவது நாளே படுகை பழைய நிலைக்கு வந்தது. பிரிக்கவே முடியாத தாமிர-ஈடிடிஏ தண்ணீராக இருந்தால், பிஎச் 2-3-இல் ஃபெரிக் உப்புச் சேர்க்கலாம். ஈடிடிஏ இரும்பைத் தாமிரத்தைவிட இறுக்கமாகப் பிடிப்பதால் தாமிரத்தை விட்டுவிடும். அப்புறம் பிஎச் ஏற்றினால் தாமிரம் இறங்கும். சேறு கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே உயிர்போகும் எச்சரிக்கை ஒன்று. சில துத்தநாக, தாமிர, வெள்ளிக் குளியல்களில் சயனைடு இருக்கும். அந்தக் கழுவுநீரில் பிஎச் குறைக்க அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். தண்ணீரில் சயனைடு இல்லை என்று பட்டறைக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டு, குளியலின் பொருள்பட்டியலையும் பார்த்து, சோதனையிலும் உறுதிசெய்யும் வரை ஒரு சொட்டு அமிலமும் விடாதீர்கள். சயனைடு இருந்தால் முதலில் பிஎச் 10-க்கு மேல் வைத்துக் குளோரின் முறையில் அதை அழித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அணைவுச் சேர்மம் இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் போட்டி அயனிகளைப் பாருங்கள். குரோம் முலாம் குளியலில் பொதுவாக லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலத்துக்கு 2.5 கிராம் கந்தக அமிலம் இருக்கும். அந்தச் சல்பேட் சிறியதுதான். ஆனால் பிஎச் குறைக்க நீங்களே கந்தக அமிலத்தைத் தாராளமாக விட்டால், மின்னூட்டம் ஏறிய அமினோ தொகுதிகளைச் சல்பேட்டே நிரப்பிவிடும், குரோமேட்டுக்கு இடம் குறையும். நேரயனிகளில் கால்சியம் அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஆல்ஜினேட்டுக்கும் நார்க்கழிவுக்கும் தொந்தரவு. கைட்டோசான் கால்சியத்தை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

அறிகுறி: 100 சதவீதம் நீங்கிவிட்டது

மகிழ்ச்சி வேண்டாம், முதலில் வெற்றுக் குடுவையைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மி.கி. தாமிரம் இருந்தால் பிஎச் 5.5-ஐத் தாண்டும்போதே ஹைட்ராக்சைடாக வீழ்படியத் தொடங்கும். மணிகளைச் சோடியம் ஹைட்ராக்சைடில் செய்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் போட்டால், மணிக்குள் தங்கிய காரம் கசிந்து பிஎச்-ஐ ஏற்றி, தாமிரத்தை வீழ்படியவைத்துவிடும். நீங்கள் அளந்தது பாலிமரின் திறனை இல்லை, மிச்சக் காரத்தை. மணியின் மேல் நீலப்பொடி ஒட்டியிருக்கிறதா, குடுவையின் அடியில் நீல மண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பாலிமர் பிடித்தது என்றால் மணி உள்ளும் புறமும் நீலமாகும், தண்ணீர் தெளிவாக இருக்கும். கழுவிய கடைசித் தண்ணீரின் பிஎச் காய்ச்சி வடித்த நீரோடு ஒத்துப்போகும் வரை கழுவுங்கள். ஏழெட்டு முறை ஆகும்.

அறிகுறி: மணி குழைகிறது, கரைகிறது

குறுக்குப் பிணைப்பு (இழைகளை ஒன்றோடொன்று கட்டுவது) இல்லாத கைட்டோசான் நீர்த்த அசெட்டிக், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் கரையும். அது அதன் இயல்பு. மணி செய்வதே அப்படிக் கரைத்துத்தானே. குரோமியம்-6-க்காகப் பிஎச் 3-இல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் குறுக்குப் பிணைப்பு கட்டாயம்.

ஆல்ஜினேட் குழைந்தால் காரணம் அமிலமாக இருக்காது. அதன் மணியை நிற்கவைப்பது இழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கால்சியம். பாஸ்பேட், சிட்ரேட், ஈடிடிஏ மூன்றும் அந்தக் கால்சியத்தை உருவி எடுத்துவிடும். சோடியம் மிக அதிகமாக இருந்தாலும் மெல்ல மெல்ல இளகும். முலாம் பட்டறையில் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் தொட்டியில் இருந்து. அங்கே ட்ரைசோடியம் பாஸ்பேட் போடுவது வழக்கம். அந்தக் கழுவுநீர் கலக்கும் இடத்தில் ஆல்ஜினேட் வைக்கவே வைக்காதீர்கள். மண்டபம், ராமேசுவரம் கடற்கரையில் கஷ்டப்பட்டுச் சேகரிக்கும் சர்காசம் பாசியில் இருந்து வரும் பொருள் அது, ஒரே வாரத்தில் கூழாகி வடிகாலில் போகக்கூடாது.

அறிகுறி: மணி கல் மாதிரி உறுதி, நிறம் நல்ல மஞ்சள், பிடிப்பதோ குறைவு

இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான தவறு, எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடப்பதும் இதுதான். கரையக்கூடாது என்ற பயத்தில் குறுக்குப் பிணைப்புக்கான குளூட்டரால்டிஹைடைத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். அது பிணைப்பதே அமினோ தொகுதிகளை. உலோகத்தைப் பிடிக்க வேண்டிய கைகளையே ஒன்றோடொன்று கட்டிவைத்துவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அசெட்டைல் நீக்கம் (அமினோ தொகுதி திறந்திருக்கும் பங்கு) 85 சதவீதம் உள்ள கைட்டோசான் 3 கிராம் எடுத்தால் அதில் அமினோ தொகுதி சுமார் 15 மில்லிமோல். கடையில் கிடைக்கும் 25 சதவீதக் குளூட்டரால்டிஹைடு 1 மில்லியில் சுமார் 2.6 மில்லிமோல், மூலக்கூறுக்கு இரண்டு முனை என்பதால் 5.3 மில்லிமோல் அமினோவை அது விழுங்க முடியும். பத்தில் ஒரு பங்கு கைகளை மட்டும் கட்டினால் போதும் என்று வைத்தால் 0.3 மில்லி போதுமானது. பலர் 5 மில்லி விடுகிறார்கள். அது இருக்கும் அமினோ தொகுதி மொத்தத்தையும் கட்டிய பிறகும் மிச்சமாகும் அளவு. குளூட்டரால்டிஹைடு தன்னோடு தானே இணைந்தும் நீளும் என்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான். 0.3, 0.6, 1.2 மில்லி என்று மூன்று தொகுதி செய்து, ஒவ்வொன்றிலும் சில மணிகளை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஒரு நாள் போட்டு, கரையாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எபிகுளோரோஹைட்ரின் கார நிலையில் பெரும்பாலும் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பிணைப்பதால் அமினோ தொகுதிகள் தப்பிக்கும். ஆனால் அது புற்றுநோய் அபாயமுள்ள பொருள். புகைபோக்கிப் பெட்டி இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் அதைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பிணைப்பு அளவாக இருந்தும் பிடிப்பு குறைவு என்றால் மணியை வெட்டிப் பாருங்கள். தாமிரக் கரைசலில் ஒரு மணி நேரம் கிடந்த மணி ஒன்றை எடுத்து, பிளேடால் நடுவில் வெட்டி, வெள்ளைத் தாளில் வையுங்கள். வெளியே நீல வளையம், நடுவே வெள்ளைக் கரு தெரிந்தால் உள்ளே இருக்கும் பாலிமருக்கு உலோகம் இன்னும் போய்ச்சேரவில்லை என்று பொருள். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், மறுநாள் காலை என்று ஒவ்வொன்றாக வெட்டி வரிசையாக வைத்தால் கரு சுருங்கிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். எந்த வரைபடமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. ஆறு மணி நேரம் ஆகியும் கரு வெள்ளையாகவே இருந்தால், அடுப்பில் உலர்த்தியதில் துளைகள் மூடிக்கொண்டிருக்கும். ஈரமாகவே பயன்படுத்துங்கள், அல்லது உறைநிலை உலர்த்தல் செய்யுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் ஊசியை மாற்றி மணியின் விட்டத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: குரோமியம்-6 மறைந்தது, மொத்தக் குரோமியம் குறையவில்லை

குரோமியம்-6-ஐக் காட்டும் டைபினைல் கார்பசைடு சேர்த்தால் ஊதா நிறம் வரவில்லை, 540 நானோமீட்டரில் பூஜ்யம். ஆனால் அணு உறிஞ்சல் கருவியில் குரோமியம் இருக்கிறது. இரண்டு கருவியும் சரியாகத்தான் சொல்கின்றன. அமில நிலையில் கைட்டோசானும், அதைவிட அதிகமாக நார்க்கழிவின் லிக்னினும் டானினும், குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக ஒடுக்கிவிடும். குரோமியம்-3 நேரயனி. பிஎச் 3-இல் மின்னூட்டம் ஏறிய மணி அதைப் பிடிக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது.

நச்சுத்தன்மை பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் வேலை முடியவில்லை. வெளியே வரும் நீரைப் பிஎச் 8-9-க்கு ஏற்றினால் குரோமியம்-3 ஹைட்ராக்சைடாக இறங்கும், வடிகட்டிவிடலாம். குரோமியம்-6 மட்டும் அளந்து "நீக்கம் 99 சதவீதம்" என்று எழுதும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

தோல் பதனிடும் தண்ணீருக்கு இந்த மணியைக் கேட்டு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்தும் பேசுகிறார்கள். அங்கே பதனிடப் பயன்படுவதே குரோமியம்-3 உப்பு. அதுவும் லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கும். அவ்வளவையும் பாலிமரால் எடுப்பது காசை வீணாக்கும் வேலை. மக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தும் மீட்பு முறை அங்கே நன்கு பழகியது. அதன் பிறகு மிஞ்சும் சில மில்லிகிராமுக்குத்தான் பாலிமர்.

அறிகுறி: குழாய்ப்படுகை சீக்கிரமே கைவிடுகிறது, அல்லது தண்ணீர் இறங்கவில்லை

குழாயின் உள்விட்டம் மணியின் விட்டத்தைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மணியை 10 மில்லிமீட்டர் குழாயில் போட்டால் தண்ணீர் சுவரோரமாக வழிந்து ஓடிவிடும். மணிகளைத் தண்ணீரோடு சேர்த்தே ஊற்றி நிரப்புங்கள், காற்றுக்குமிழ் தங்காது. 100 மில்லி படுகைக்கு நிமிடத்துக்கு 10 மில்லி விட்டால் தண்ணீர் உள்ளே இருக்கும் நேரம் அதிகபட்சம் 10 நிமிடம். மேலே சொன்ன வெள்ளைக் கரு தெரிந்த மணி என்றால் அது போதாது, வேகத்தைப் பாதியாக்குங்கள். தண்ணீர் இறங்கவில்லை என்றால் முன்னால் மணல் வடிகட்டி இருக்கிறதா, எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். உலர்ந்த மணியை இறுக்கி நிரப்பியிருந்தால் உப்பி அடைத்திருக்கும்.

அறிகுறி: வெளியே வரும் நீர் பழுப்பு, சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) ஏறுகிறது

நார்க்கழிவு போட்டிருக்கிறீர்கள். டானின் கசிகிறது. சிட்ரிக் அமிலம் ஏற்றுவதற்கு முன்பே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, நிறம் நிற்கும் வரை கழுவியிருக்க வேண்டும். இப்போது அதே காரத்தில் கழுவினால் ஏற்றிய சிட்ரேட்டும் போய்விடும், ஏனென்றால் அது எஸ்டர் பிணைப்பு. புதிய தொகுதி செய்வதுதான் வழி.

அறிகுறி: இரண்டாம் சுற்றில் திறன் பாதி

முதலில் கேளுங்கள்: அமிலத்தில் தாமிரத்தைக் கழற்றிய பிறகு மணியைக் காரத்தில் நனைத்தீர்களா? 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாமிரத்தைக் கழற்றிவிடும், ஆனால் அமினோ தொகுதி எல்லாம் மின்னூட்டம் ஏறி நிற்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்து, நடுநிலை வரும் வரை கழுவினால்தான் கை மறுபடி திறக்கும். இந்த ஒரு படியை விட்டதால் "மறுபயன்பாடு முடியாது" என்று முடிவெழுதிய ஆய்வேட்டைப் படித்திருக்கிறேன். அவ்வளவு உழைப்பும் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டது.

அதைச் செய்தும் குறைகிறது என்றால் மில்லிகிராம் கணக்கைப் பாருங்கள். பிடித்தது 40 மி.கி., கழன்றது 25 மி.கி. என்றால் மிச்சம் மணிக்குள்ளேயே இருக்கிறது. குரோமியத்தில் இது சாதாரணம். சோடியம் ஹைட்ராக்சைடு குரோமேட்டைக் கழற்றும். உள்ளேயே ஒடுங்கிய குரோமியம்-3-ஐக் கழற்றாது, மணி பச்சையாகவே நிற்கும். கணக்கு சரியாக வந்தும் திறன் குறைந்தால் பாலிமரே தேய்கிறது. குளூட்டரால்டிஹைடின் பிணைப்பு அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். அமிலத்தில் அரை மணி நேரம் போதும், இரவு முழுக்க ஊறவைக்க வேண்டாம்.

வழுவழுப்பும் நாற்றமும் வந்தால் பாக்டீரியா. இவை எல்லாம் உயிர்ப்பொருள்கள், அறை வெப்பத்தில் ஈரமாக வாரக்கணக்கில் வைத்தால் தின்னப்படும். குளிர்பெட்டியில் வையுங்கள்.

பயன்படுத்தி முடித்த மணி

இதைக் கோளாறு என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் மிகப் பெரிய கோளாறு இதுதான். மூன்று மாத மணி ஒரு மூலையில் சாக்கில் கிடக்கும், மழை பெய்தால் நனையும். தண்ணீரில் இருந்து எடுத்த உலோகம் மண்ணுக்குள் போகும்.

உலோகம் ஏறிய மணி 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவாகத்தான் கையாளப்பட வேண்டும். எரிக்காதீர்கள், முக்கியமாகக் குரோமியம் ஏறியதை. காற்றோடு சூடேறும்போது குரோமியம்-3-இல் ஒரு பகுதி மறுபடியும் குரோமியம்-6 ஆகி, நீங்கள் மாதக்கணக்கில் செய்த வேலையைச் சாம்பலில் திருப்பி வைக்கும். தாமிரமோ நிக்கலோ மட்டும் என்றால் கழற்றிய அமிலக் கரைசலைச் சேர்த்துவைத்து உலோகம் மீட்பவரிடம் கொடுக்கலாம். மணியை உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில் வையுங்கள். மேலே அழியாத மையில் உலோகத்தின் பெயர், எடை, நிரப்பிய தேதி. தமிழ்நாட்டில் இதற்கான பொதுக் கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. முதல் மணியைச் செய்யும் வாரத்திலேயே அங்கே அனுப்புவதற்கான பதிவையும் தொடங்கிவிடுங்கள்.